வாழையிலைப் படுக்கையும் வாடாத கரங்களும்

உரித்த வாழைத்தண்டைப் பார்த்திருக்கிறீர்கள், தோழர்களே! உரிந்த மனிதனைப் பார்த்திருக்கிறீர்களா?

நெருப்புத் தீண்டவில்லை, கொதிநீர் கொட்டவில்லை. ஆனாலும் மார்பிலும் முதுகிலும் தோல் நனைந்த தாள்போல் கழன்று வருகிறது. உதடு வெடிக்கிறது, இமைகள் ஒட்டிக்கொள்கின்றன, ஒரு மிடறு தண்ணீருக்கு உயிர் துடிக்கிறது. என்ன காரணம்? நோய் தீர விழுங்கிய மாத்திரை!

1922இல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இருவர் கண்டு எழுதினர். அவர்கள் பெயரே நோய்க்கு நிலைத்தது. உடலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே தோல் கழன்றால் அந்தப் பெயர். 30ஐத் தாண்டிவிட்டால் மருத்துவர்கள் 'டென்' என்று சுருக்கிச் சொல்லும் கொடிய வடிவம். அதில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மாள்கிறார். வலிப்புக்குத் தரும் கார்பமாஸெபின், பெனிட்டாய்ன், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால், சல்பா மருந்துகள், சில வலி மாத்திரைகள் ஆகியவை அடிக்கடி குற்றவாளிக் கூண்டில் நிற்பவை. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சிலருக்குத்தான் வரும். "சிலருக்குத்தானே, இதற்கு ஒரு கட்டுரையா?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அந்தச் சிலரில் ஒருத்தி உங்கள் தங்கையாக இருந்தால்?

மருந்து தொடங்கிய முதல் நான்கு வாரங்களுக்குள்தான் இது பெரும்பாலும் தலைகாட்டுகிறது. முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண்ணெரிச்சல். பிறகு வலிக்கும் செம்புள்ளிகள், கொப்புளங்கள். கொப்புளம் கண்டால் நம் தெருவில் என்ன பேச்சு? "ஆத்தா வந்திருக்கா!" வேப்பிலை செருகு, மஞ்சள் நீர் தெளி, ஆஸ்பத்திரிப் படி ஏறாதே! ஆத்தாவுக்கு மருந்து ஆகாது என்பார்கள். ஆனால் அந்தப் பழைய வலிப்பு மாத்திரை மட்டும் வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும்! சாதகக் கட்டைப் புரட்டுகிறவரோ, "திருநள்ளாறு பக்கத்தில்தானே, எள் விளக்கு ஏற்றுங்கள்" என்பார். சனி பிடிக்கவில்லை ஐயா, சல்பா பிடித்திருக்கிறது! மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். குற்றவாளி மருந்தை உடனே நிறுத்துவதே முதல் வைத்தியம்; வலிப்புக்காரருக்கு வேறு மருந்தை அவரே மாற்றித் தருவார்.

அதன் பிறகு? இதுதான் கைகண்ட மருந்து என்று உலகம் ஒப்பியது ஒன்றும் இல்லை. ஸ்டீராய்டு என்பர் சிலர், சைக்ளோஸ்போரின் என்பர் சிலர்; வழக்கு ஓயவில்லை. வழக்கே இல்லாத மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் பணிவிடை!

தோல் இழந்த உடல் சூட்டைக் காக்காது. அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்திரி ஒட்டினால் இருக்கிற தோலும் அதோடு வரும். ஊசிக் குழாயைத் துணி சுற்றித்தான் நிறுத்த வேண்டும். புரட்டும்போது கையைப் பிடித்து இழுக்கலாகாது. விரிப்போடு சேர்த்து, இருவராய், மெல்லப் புரட்ட வேண்டும். கண்ணுக்கு மணிக்கணக்கு வைத்துச் சொட்டு மருந்து, இல்லையேல் பிழைத்தவர் பார்வை இழந்து எழுவார். வாய் கழுவ வேண்டும், மூக்குக் குழாயால் உணவூட்ட வேண்டும், சிறுநீரை அளந்து எழுத வேண்டும். நம் நாட்டு மருத்துவமனைகள் சிலவற்றில் கிருமி நீக்கிய வாழையிலையை விரித்து அதன்மேல் கிடத்துகிறார்கள். புண் ஒட்டாது, செலவும் சொற்பம். காவிரிக் கரையில் வாழையிலைக்கா பஞ்சம்? பஞ்சமெல்லாம், அந்த இலையை இரவு இரண்டு மணிக்கு மாற்றும் கைக்குத்தான்!

கொல்கத்தா வழக்கை நினைவூட்டுகிறோம். அமெரிக்காவில் வாழ்ந்த அனுராதா சாகா, 1998இல் விடுமுறைக்கு வந்த இடத்தில் இந்நோய்க்கு ஆளானார். அங்கே ஆம்ரி மருத்துவமனையிலும், பிறகு மும்பையிலும் கிடந்து மே 28இல் மறைந்தார். கணவரும் ஒரு மருத்துவர்; விடாது வழக்காடினார். 2009இல் உச்சநீதிமன்றம் கவனக்குறைவு என்றது. 2013இல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய், வட்டியோடு, இழப்பீடு என்றது. அளவுக்கு மீறிய ஸ்டீராய்டு ஊசியை மட்டுமா நீதிபதிகள் கண்டித்தனர்? வாய் புண்ணாய்க் கிடந்தவருக்கு மூக்குக் குழாய் வைக்காததையும், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பதியாததையும், இடைவிடாத செவிலியர் கவனிப்பு இல்லாததையும் சேர்த்தே கண்டித்தனர். பணம் படைத்தோர் நாடும் மாநகர் மருத்துவமனையில் அந்தக் கதி!

1954இல் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. 2016இல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரியும் வந்தது, மகிழ்கிறோம். ஆனால் தோல் உரிந்த உழவனை, சிதம்பரம், கடலூர் வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர் குலுக்கிக்கொண்டு புதுச்சேரிக்குக் கொண்டுபோகும் காட்சியை எண்ணிப் பாருங்கள்! காரைக்காலிலேயே ஓர் அறை, ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று மூன்று முறைக்கும் ஆள் கேட்கிறோம். ஒப்பந்தக் கூலிக்கு அல்ல, நிரந்தரப் பணிக்கு! ஆள் போடாமல் விட்டுவிட்டு, அசம்பாவிதம் நேர்ந்ததும் "நர்சம்மா பார்க்கலை" என்று பழி போடுவது யோக்கியமல்ல.

இன்னொன்று. பிழைத்து வீடு திரும்புகிறவர் கையில் ஓர் அட்டை வேண்டும். அதே மருந்து மறுபடி உள்ளே போனால் மறுபடி சாவின் வாசல். மருந்தின் பெயர், தேதி, வந்த நோய், மூன்றே வரி, தமிழில். மருந்துத் தீங்கைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி இருக்கிறது. அந்த எண்ணையும் அடியில் போடலாம். அச்சுக்கூலி எவ்வளவு ஆகும் என்பதை நிதித்துறையார் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.