முகாமைத் தேடிச் சட்டம் வரட்டும்!

ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே அமைந்த படுகை அணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால், பரமத்தி வேலூர் வட்டாரத்தின் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் உயிர்நீராக விளங்குகிறது. அதே வட்டாரத்தில், பரமத்தியில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் இருக்கிறது. இதுபோல் தமிழகத்தில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் வசிக்கின்றனர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர், போரின் ஒவ்வொரு கட்டத்திலும் கடல் கடந்து வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்கள்.

2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. ரூ.317 கோடியில் நலத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. ஒழுகும் கூரைகள் இருந்த இடங்களில் புதிய வீடுகள் எழுந்தன. இவை பாராட்டுக்குரியவை. ஆனால், வீடு கிடைத்த பிறகும் அந்த வீட்டில் குடியிருப்பவரின் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது: 'சட்டத்தின் பார்வையில் நான் யார்?'

இந்தக் கேள்விக்கு முகாமில் உள்ள அனைவருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. பதில், ஒருவர் பிறந்த தேதியிலும், அவருடைய பெற்றோரின் ஆவணங்களிலும் அடங்கியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்களை, பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமக்களாகவே கருதுகிறது. அதன் பிறகு 2004 டிசம்பர் தொடக்கம் வரை பிறந்தவர்களுக்குத் தாய், தந்தையரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். அதற்கும் பின்னர் பிறந்தவர்களுக்கு, ஒருவர் இந்தியராக இருப்பதுடன், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

இந்த முதல் தேதியின் வலிமையை ஒரு பெண்மணி நிரூபித்திருக்கிறார். 1986-இல் மண்டபத்தில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் அவர், கடவுச்சீட்டு கோரி விண்ணப்பித்தார். பெற்றோர் இலங்கையர் என்பதால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்பதை ஏற்று, கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தபோது, முகாமிலிருந்து வாக்களித்த முதல் நபர் என்று நாளிதழ்கள் எழுதின.

இத்தீர்ப்பு அவருக்குப் புதிதாக எதையும் வழங்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பிறந்த நாள் முதலே அவர் இந்தியர். முப்பத்தைந்து ஆண்டுகளாக அதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, சட்டப் பிரிவைப் புரட்டி, ஒரு வழக்குரைஞர் அரை மணி நேரத்தில் சொல்லியிருக்கக்கூடிய பதில் அது. அவரைப் போல, 1983-க்கும் 1987 நடுப்பகுதிக்கும் இடையே இங்கே பிறந்து, இன்றும் தம்மை 'அகதி' என்றே எண்ணிக்கொண்டிருப்பவர்கள் வேறு முகாம்களில் இல்லை என்று யாரால் உறுதி கூற முடியும்?

இன்னொரு சாராரின் கதை மேலும் சிக்கலானது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவர்களில் பலருக்கு இந்தியக் குடியுரிமை வழங்கப்பட்ட போதிலும், 1984-இல் தலைமன்னார் கப்பல் போக்குவரத்து நின்றதால் தாயகம் திரும்ப இயலாமல் போனது. மலையகத்திலிருந்து வவுனியா பகுதிக்கு இடம்பெயர்ந்து, அங்கிருந்து போரால் விரட்டப்பட்டு, படகேறி வந்து முகாம்களில் சேர்ந்த குடும்பங்களும் உண்டு. பாட்டனின் பெயரில் வழங்கப்பட்ட பழைய இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று அத்தகைய வீட்டின் தகரப் பெட்டியில் கிடந்தால், அது வெறும் நினைவுப் பொருளாகாது. பேரனின் குடியுரிமைக்கு ஆதாரமாக மாறக்கூடும். அதை அறிந்து சொல்ல வேண்டியவர் வழக்குரைஞர்.

முகாம்வாசிகள் இப்போது யாரிடம் கேட்கிறார்கள்? முகாமைக் கவனிக்கும் வருவாய்த் துறை ஊழியரிடம். கண்காணிக்கும் கியூ பிரிவு காவலரிடம். அல்லது 'எல்லாம் முடித்துத் தருகிறேன்' என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம். வருகைப் பதிவேட்டை வைத்திருப்பவரிடமே, 'ஐயா, எனக்கு உரிமை உண்டா?' என்று மனம் திறந்து கேட்பது எளிதல்ல. சட்ட ஆலோசனை வழங்குவது அவருடைய பணியும் அல்ல. இடைத்தரகரோ, தவறான ஆலோசனையால் வரும் விளைவுக்குப் பொறுப்பேற்பதில்லை. போலி ஆவணத்தில் கடவுச்சீட்டு எடுக்கத் தூண்டப்பட்டுச் சிக்குபவர், உரிய வழியில் பெற்றிருக்கக்கூடிய வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறார்.

சட்டமும் நிலையாக நிற்பதில்லை. 2019-ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளைக் குறிப்பிட்டது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. இது பெரிய ஆறுதல். ஆனால், இந்த விலக்கு தானாகவே குடியுரிமையைத் தந்துவிடாது. விலக்குக்கும் குடியுரிமைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ஆளில்லாத இடத்தில், ஒருபுறம் வீண் நம்பிக்கையும் மறுபுறம் வீண் அச்சமும் பரவுகின்றன. 'இந்தியா தர்மசத்திரம் அல்ல' என்ற பொருளில் 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் தெரிவித்த கருத்து, குற்றவழக்கில் தண்டனை பெற்ற ஒருவரின் மனுவின் மீது கூறப்பட்டது. எல்லா முகாம்வாசிகளையும் அது எப்படிப் பாதிக்கும், அல்லது பாதிக்காது என்பதையும் சட்டம் படித்தவர்தான் சொல்ல வேண்டும்.

தாயகம் திரும்ப விரும்புவோருக்கும் இதே நிலைதான். இங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளியேறும் அனுமதி பெற வேண்டும். இவற்றில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற தொண்டு நிறுவனங்கள் நெடுங்காலமாக உதவி வருகின்றன. இருந்தும், 2025 மே மாதம், முறைப்படி நாடு திரும்பிய முதியவர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் கடவுச்சீட்டின்றி இலங்கையை விட்டு வெளியேறியதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். இரு நாட்டுச் சட்டங்களையும் அறிந்த ஆலோசனை எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்கென்று புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டுமா? தேவையில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 39ஏ பிரிவு இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்குகிறது. அதற்காக இயற்றப்பட்ட 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, உதவி பெறத் தகுதியானவரை 'குடிமகன்' என்று சொல்லாமல், 'நபர்' என்றே குறிப்பிடுகிறது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உள்பட்டவர்கள் ஆகியோருடன், இன வன்முறையால் பாதிக்கப்பட்டோரும் அப்பட்டியலில் உள்ளனர். முகாமில் வசிப்பவர்களில் இந்த வரையறைக்குள் வராதவர் அரிது. மேலும், 'சட்டப் பணி' என்பது நீதிமன்ற வழக்கோடு முடிவதில்லை. அதிகார அமைப்பின் முன் நடைபெறும் சட்ட நடவடிக்கையும், ஆலோசனை வழங்குவதும் அதில் அடக்கம் என அதே சட்டம் வரையறுக்கிறது.

ஆக, கதவு திறந்தே இருக்கிறது. அப்படியொரு கதவு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒருநாள் கூலியை இழந்து நாமக்கல் சென்று, எந்த அறையில் யாரைப் பார்ப்பது என்று அலைய இயலாது. பிரிட்டனில் தகுதியும் பதிவும் இல்லாதவர் குடியேற்ற ஆலோசனை வழங்குவது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அங்குக் குடியேறிய தமிழர்கள் பதிவு பெற்ற ஆலோசகரைத் தேட முடிகிறது. இங்கே தஞ்சம் புகுந்த தமிழருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

செய்ய வேண்டியவை எளியவை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையங்கள், குடியுரிமைச் சட்டத்தில் பயிற்சி பெற்ற வழக்குரைஞர்களை மாதம் ஒருமுறை ஒவ்வொரு முகாமுக்கும் அனுப்ப வேண்டும். குடும்பம் வாரியாக, ஒவ்வொருவரின் பிறந்த தேதி, பிறந்த இடம், பெற்றோரின் ஆவணங்கள், அவருக்குப் பொருந்தும் சட்டப் பிரிவு ஆகியவற்றைக் கொண்ட பதிவேடு தயாரிக்கப்பட வேண்டும். இந்த விவரங்கள் கண்காணிப்புப் பிரிவுக்குச் செல்லாது என்ற உறுதிமொழி இன்றியமையாதது. இல்லையெனில் எவரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். தொலைந்த பிறப்புச் சான்றிதழ்களை மீட்டுத் தர வருவாய்த் துறையும் மருத்துவமனைகளும் ஒத்துழைக்க வேண்டும். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற உதவி எண், ஒவ்வொரு முகாமின் நுழைவாயிலிலும் எழுதி வைக்கப்பட வேண்டும்.

இதில் காலதாமதம் கூடாது. 1980-களில் படகேறி வந்த தலைமுறை மறைந்து வருகிறது. எந்தத் தோட்டத்தில் பிறந்தோம், எந்த ஆண்டில் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தோம், எந்த மருத்துவமனையில் பிள்ளை பெற்றோம் என்பதை நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. குடியுரிமை வழங்குவது மத்திய அரசின் அதிகாரம்; அது நீண்ட அரசியல் விவாதத்துக்கு உரியது. ஆனால், ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்வதற்கு எந்த விவாதமும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.