காட்டுக்கறி ருசி காட்டில் இல்லை, சட்டியில் இருக்கிறது!

"என்ன இருந்தாலும் கவுதாரி வறுவல் மாதிரி வருமா?"

சேலம், நாமக்கல் பக்கம் கறிவிருந்துக்கு நாலு பேர் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். பெரியவர்கள் சின்ன வயதில் தின்ற முயலும் காட்டுக் காடையும் கதையாக வரும். கேட்கிற இளவட்டங்களுக்கு நாக்கு ஊறும். "எங்கேயாவது சொல்லி வைத்தால் கிடைக்குமா?" என்று ஒருவர் விசாரிக்க ஆரம்பிப்பார். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த ருசி உண்மையில் எங்கிருந்து வந்தது?

பள்ளிபாளையம் சிக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் ஊரின் பெயரில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய வறுவல் அது. அதில் என்ன பெரிய மசாலா இருக்கிறது? எண்ணெய், விதை எடுத்துக் கிள்ளிப் போட்ட வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு, மஞ்சள், உப்பு. அவ்வளவுதான்! மிளகாயின் வாசம் எண்ணெயில் இறங்கி, கறி தன் சாற்றிலேயே வெந்து சுருண்டு வர வேண்டும். காட்டுக்கறியின் பெருமையாகச் சொல்லப்படுவதில் பாதி, இந்தக் கைப்பக்குவத்தின் பெருமை.

மீதிப் பாதி, கறியின் இறுக்கம். ஓடித் திரிந்த உயிரின் தசை கெட்டியாக இருக்கும், கொழுப்பு குறைவு. சுமார் ஆறு வாரத்தில் விற்பனைக்கு வரும் பிராய்லரில் அது கிடைக்காது என்பது உண்மைதான். அதற்காகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. மேய்ந்து வளர்ந்த நாட்டுச் சேவல் போதும். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில், முட்டையிட்டு, சுமார் 72 வார வயதில் கழிக்கப்படும் கோழிகளும் உண்டு. கறி கெட்டி என்று பலரும் அதை ஒதுக்குகிறார்கள். குக்கரில் நன்றாக வேகவிட்டு, பிறகு இரும்புச் சட்டியில் வரமிளகாயோடு வறுத்தால் அந்தக் குறையே நிறையாகிவிடும். காடைதான் வேண்டுமென்றால், ஐந்து வாரத்தில் கறிக்குத் தயாராகும் பண்ணைக் காடை கடையிலேயே கிடைக்கிறது.

காட்டு உயிர்களின் கதை வேறு. கவுதாரி, காட்டு முயல், உடும்பு எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் இருப்பவை. வேட்டையாடுவது மட்டுமல்ல, அந்தக் கறியை வைத்திருப்பதும் குற்றம். 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, பொதுவான குற்றங்களுக்கான அபராதத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமானது. முதல் பட்டியலில் இருக்கும் உடும்புக்குக் குறைந்தது மூன்றாண்டு சிறை.

"ஒரு கவுதாரி பிடித்தால் குலமே அழிந்துவிடுமா?" என்று கேட்பார்கள். கேட்பவர் ஒருவர் என்றால் சரி. விருந்துக்கு விருந்து ஒருவர் கேட்டால்? கவுதாரி புதரடியில், தரையில் முட்டையிடும் பறவை. மானாவாரிக் காட்டில் கரையானையும் பூச்சியையும் தின்று விவசாயிக்கு உதவுவது. தரிசெல்லாம் வீட்டுமனையாகும் காலத்தில் அதற்கு மிச்சமிருக்கும் இடமே கொஞ்சம். அங்கேயும் கண்ணி வைத்தால் எங்கே போகும்?

இன்னொன்றும் உண்டு. இருட்டில் கண்ணி வைத்து மாட்டிக்கொள்பவன் பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சி. காரில் வந்து விலை கொடுத்தவர் கை கழுவிவிட்டுப் போய்விடுவார். ஆசை ஒருவருக்கு, ஜெயில் இன்னொருவனுக்கு. இது என்ன நியாயம்?

தாத்தாவின் ருசியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அவருடைய வறுவல் பக்குவத்தைக் கற்றுக்கொள்ளட்டும். கவுதாரி விடியற்காலையில் கத்துகிற சத்தம் பேரப்பிள்ளைகளுக்கும் கேட்கட்டும்!