மூடிய நிலையம் திறந்தது. கட்டாத நிலையம் எப்போது?

தலைமன்னார் இறங்குதுறைப் புகையிரத நிலையத்தின் வரலாற்றை நாடறியும். 1914 முதல் கொழும்புப் புகைவண்டி அங்கே பயணிகளை இறக்கியது. கப்பல் அவர்களைத் தனுஷ்கோடியில் சேர்த்தது. அங்கிருந்து சென்னைக்கு வேறு வண்டி. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1990இல் போர் தலைமன்னார்ப் பாதையையும் மூடியது. எனினும் 2015 மார்ச்சில், இந்தியக் கடனுதவியுடன், அந்நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது.

வரவேற்கின்றோம். போரினால் மக்கள் இழந்ததை மீட்டுக் கொடுப்பது அரசின் கடமை; சலுகையன்று. ஆனால், மூடப்பட்ட நிலையத்துக்கு வரலாறேனும் உண்டு. அதைக் காட்டி உரிமை கேட்கலாம். கட்டப்படாத நிலையத்துக்கு எதைக் காட்டுவது? அட்டாளைச்சேனையிலிருந்து நாம் எழுப்பும் வினா இதுவே.

1928இல் மட்டக்களப்பை அடைந்த இருப்புப்பாதை அதற்குத் தெற்கே ஓரடியேனும் நகர்ந்ததில்லை. வெள்ளையர் நிறுத்திய இடத்திலேயே சுதந்திர இலங்கையின் அரசாங்கங்கள் அனைத்தும் நின்றுவிட்டன! கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் இக்கரையில் ஒரு புகையிரத நிலையந்தானும் இல்லை. புகைவண்டியில் வரும் எம்மவர் மட்டக்களப்பில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு மேலும் சுமார் 60 கிலோமீற்றர் பஸ்ஸில் வரவேண்டும்.

பணமில்லை என்பர். 1895இல் மாத்தறையை அடைந்து நின்ற பாதை, 2019இல் சீனக் கடனில் பெலியத்த வரை நீண்டதே! அங்கே கிடைத்த கடன் இங்கே ஏன் கிடைக்கவில்லை? வாவி தடுக்கிறது என்பர். அதே வாவியின் மேல் கல்லடியில் 1924இல் ஒரு பாலமும் 2013இல் புதியதொரு பாலமும் கட்டியவர்கள் யார்? பயணிகள் இல்லை என்பர். 1941இல் இவ்வூரில் எழுந்தது ஆசிரியர் கலாசாலை. 1995இல் தோன்றியது, இன்று ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். நாடெங்கணுமிருந்து அங்கு வரும் மாணவர் பயணிகளல்லரா? கல்லோயா நீர் பாயும் வயல்களின் நெல் சரக்கன்றோ?

2013இல் ஒலுவிலில் துறைமுகம் திறந்தனர். அதன் வாயை மணல் அடைத்தது, அயற்கரையைக் கடல் அரித்தது. கேளாததைக் கட்டத் தெரிந்தவர்களுக்குக் கேட்டதைக் கட்டத் தெரியவில்லை! ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுதான்.

தேர்தல் மேடையில் ஓடும் வண்டி எமக்கு வேண்டாம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை நிலத்தை அளந்து, செலவைக் கணித்து, வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குக! பிச்சை கேட்கவில்லை, வரி செலுத்தும் குடிமக்களாய் எமது பங்கையே கேட்கின்றோம்.