செயின் மட்டும் மாத்தினா போதாது

வைக்கோல் கட்டுற மிஷின் பழசாகி சத்தம் போட ஆரம்பிச்சா, ஊர்ல ரெண்டு யோசனை வரும். ஒண்ணு, "தள்ளிவிட்டுட்டு மானியத்துல புதுசு வாங்கு." இன்னொண்ணு, "இந்த அறுப்பு ஓடினாப் போதும், செயினை மட்டும் மாத்து." ரெண்டுமே நஷ்டக் கணக்கு என்பது என் கருத்து. முறையா பழுது பார்த்தால் பழைய மிஷின் இன்னும் பல பட்டம் ஓடும். அப்படிப் பழுது பார்க்க விவசாயிக்கு வழி இல்லை, அதுதான் பிரச்சினை.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கையறுப்பு காலத்துல வைக்கோல் களத்துக்கு வந்து போராச்சு. இப்போ கதிர் அறுக்கும் இயந்திரம் வைக்கோலை வயல்லயே வரிசையாக் கொட்டிட்டுப் போயிடுது. டிராக்டர் பின்னால ரவுண்ட் பேலரை மாட்டி ஓட்டினால், அது வைக்கோலை வாரிச் சுருட்டி, சணல் சுத்தி, ஒரு ஆள் தூக்குற அளவு உருண்டையா வெளியே தள்ளும். டெல்டாவுல தை, மாசியில சம்பா அறுப்பு. அந்தச் சில வாரத்துல கட்டினால் மாட்டுக்குத் தீவனம். விட்டால் மழையில நனைஞ்சு மக்கும், இல்லைன்னா யாராவது தீ வச்சிடுவாங்க. நீங்க காலையில பிரிக்கிற பால் பாக்கெட்டுக்கும் இந்த மிஷினுக்கும் சம்பந்தம் உண்டு.

டிராக்டரோட பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று சுத்தும். அந்தச் சுற்று சாப்ட் வழியா கியர் பாக்ஸுக்கு வரும். அங்கிருந்து பக்கவாட்டுல இருக்கிற செயினும் ஸ்ப்ராக்கெட்டும் உருளைகளைச் சுத்த வைக்கும். நெல் வைக்கோல்ல சிலிக்கா அதிகம். அந்தத் தூசியும் வயல் மண்ணும் எண்ணெய் பட்ட செயின்ல ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

"செயின் நீண்டுபோச்சு"ன்னு சொல்றோம். உண்மையில இரும்பு நீள்வதில்லை. கண்ணிக்குள்ள இருக்கிற பின்னும் புஷ்ஷும் தேய்ஞ்சு, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடிடுது. 60ஆம் நம்பர் செயின் புதுசுல 16 கண்ணி சரியா 12 அங்குலம் இருக்கும். இழுத்துப் பிடிச்சு அளந்தால் கால் அங்குலம் கூடியிருக்கா? 2 சதவீதம் தேய்ஞ்சாச்சு, மாத்துற நேரம் வந்தாச்சு. அப்படித் தேய்ஞ்ச செயின் ஓடி ஓடி, ஸ்ப்ராக்கெட் பல்லும் கொக்கி மாதிரி வளைஞ்சிடும். அதுமேல புதுச் செயினைப் போட்டால் பல்லும் கண்ணியும் பொருந்தாது. ஏறித் தாவும், புதுச் செயினும் சீக்கிரம் போயிடும். பைக்குக்கு செயின் ஸ்ப்ராக்கெட்டை செட்டா மாத்துறீங்களே, அதே கணக்குதான் இதுக்கும்.

எங்க தெருவுல சித்தப்பா முறை ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். "செட்டா மாத்துங்க சித்தப்பா, பேரிங்கையும் ஆட்டிப் பாத்துடுங்க. சணலும் வைக்கோலும் சுத்தி சீல் கிழிஞ்சிருக்கும்."

அவர் சிரிச்சார். "எனக்குத் தெரியாதாடா தம்பி? செட்டு எங்க கிடைக்குது, அதைச் சொல்லு."

அவர் கேட்டது நியாயம். மிஷின் வாங்கின கடையில "அந்த மாடல் இப்ப வர்றதில்லை"ங்கறாங்க. வெளியூர்ல இருந்து வரணும்னா அறுப்பு முடிஞ்சிடும். கடைசியில லேத் பட்டறைக்கு ஓடணும். பட்டறைக்காரர் கெட்டிக்காரர், அளவு பிசகாமப் பல்லு வெட்டிக் கொடுப்பார். ஆனா சாதா இரும்புல வெட்டி, சூடேற்றிப் பல்லைக் கடினப்படுத்தாம மாட்டினால், அது எத்தனை நாள் தாங்கும்? சித்தப்பா செயினை மட்டும் மாத்தினதுக்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, வேற வழி இல்லாததுதான்.

இப்போ அரசாங்கம் பக்கம் பாருங்க. 2014-15ல தொடங்கின வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல, சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 50 சதவீதம், மத்தவங்களுக்கு 40 சதவீதம்னு உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. நல்ல திட்டம், குறை சொல்லல. பழுதுக்கும் பண வழி ஏட்டுல இருக்கு. கிசான் கடன் அட்டைக்கு வரம்பு போடும்போது பண்ணைச் சொத்துகளின் பழுது, பராமரிப்புக்குன்னு 20 சதவீதம் சேர்க்கச் சொல்லுது விதி. ஆனா கையில பணம் இருந்தும் சாமான் கிடைக்கலைன்னா என்ன பண்றது?

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில ஒரு குழு அமைச்சது. அது எடுத்துக்கிட்ட நாலு துறைகள்ல விவசாயக் கருவிகளும் ஒண்ணு. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2023ல விவசாய இயந்திரங்களுக்குன்னே இப்படி ஒரு சட்டம் போட்டது. நம்ம பேலருக்கு நான் கேக்கிறது பெரிசா ஒண்ணுமில்லை. மானியத்துல விக்கிற எந்த மிஷினுக்கும் 10 வருஷம் உதிரிப்பாகம் கிடைக்கும்னு கம்பெனி எழுதிக் கொடுக்கணும். செயின் நம்பர், ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கை, பேரிங் நம்பர் எல்லாத்தையும் தமிழ்ல அட்டவணையாப் போட்டு மிஷின் மேலயே ஒட்டணும். மக்கள் வரிப்பணத்துல விக்கிறவங்ககிட்ட இதைக்கூட கேக்கக் கூடாதா?

அது வர்றப்போ வரட்டும். ஊர்ல உங்க அண்ணன் தம்பி யாராவது பேலர் வச்சிருந்தா, அறுப்பு முடிஞ்ச கையோட டிராக்டரை நிறுத்தி, பி.டி.ஓ. சாப்டைக் கழட்டிட்டு, பக்கத்து மூடியைத் திறந்து பாக்கச் சொல்லுங்க. பேரிங் விளிம்புல நம்பர் வெட்டியிருக்கும். செயின் பக்கத் தகட்டுலயும் பெரும்பாலும் இருக்கும். அதை போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். மிஷின் கடையில இல்லாத பேரிங்கும் செயினும், நம்பர் தெரிஞ்சா சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ சாதாரண பேரிங் கடையிலயே கிடைக்க வாய்ப்பு அதிகம். அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது ஸ்வீட் பாக்ஸோட அதையும் வாங்கிட்டு வாங்க.