கூலியில்லாக் கணக்கு: காசின்றி உலகம் சுற்றலாம் என்னும் நம்பிக்கை பற்றி

நீண்ட காலம் உலகைச் சுற்றுவதற்குப் பணம் ஒரு தடையே அன்று, போகுமிடமெல்லாம் ஏதேனும் ஒரு வேலையைச் செய்தால் உண்ணவும் உறங்கவும் வழி பிறந்துவிடும், தேவைப்படுவது துணிவு மட்டுமே என்ற நம்பிக்கை பயண நூல்களிலும் யூடியூப் காணொலிகளிலும் ஏறத்தாழ ஒரு சமயக் கோட்பாட்டின் உறுதியோடு பரப்பப்படுகிறது. மேலை நாட்டு இளைஞர்களிடம் அரை நூற்றாண்டாக வேரூன்றியிருக்கும் இந்நம்பிக்கை, வேலையை உதறிவிட்டு ஊர் சுற்றப் புறப்பட்டவர்களின் பேட்டிகள் வழியாகத் தமிழ் இளைஞர்களையும் எட்டியிருக்கிறது. இதில் பாதி உண்மையும் ஒரு முழுப் பொய்யும் கலந்திருக்கின்றன. பருவகாலக் கூலிவேலை சிலருடைய பயணத்துக்குப் பணம் தந்திருக்கிறது என்பது உண்மை. அந்தப் பணத்தை ஈட்டித் தந்தது துணிவுதான் என்பது பொய். அவர்கள் கையில் இருந்த கடவுச்சீட்டு, அவர்கள் வேலை செய்த நாட்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், சம்பாதித்த நாட்டு நாணயத்துக்கும் செலவழித்த நாட்டு நாணயத்துக்கும் இடையிலான மதிப்பு வேறுபாடு ஆகிய மூன்றும் இல்லாமல் அந்த உழைப்பு எவரையும் அடுத்த நாட்டு எல்லைவரைகூடக் கொண்டுசென்றிருக்காது.

இந்நம்பிக்கைக்குள் தன்மையில் வேறுபட்ட இரண்டு ஏற்பாடுகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் முதலில் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று பருவகால வேலை. அதாவது பழம் பறித்தல், திராட்சை அறுவடை, பனிச்சறுக்கு விடுதிப் பணி என ஆண்டின் சில மாதங்களில் மட்டும் ஆள்தேவை பெருகும் தொழில்களில் கூலிக்குச் சேர்வது. மற்றொன்று உழைப்புப் பரிமாற்றம். அதாவது ஒரு பண்ணையிலோ விடுதியிலோ வீட்டிலோ நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்து, கூலிக்குப் பதிலாக உணவும் தங்குமிடமும் பெறுவது. இரண்டாவதன் இன்றைய வடிவம் 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. லண்டனில் செயலாளராகப் பணியாற்றிய சூ கொப்பார்ட் என்பவர், நகரவாசிகள் வார இறுதிகளில் இயற்கை வேளாண் பண்ணைகளுக்குச் சென்று வேலை செய்வதற்காக அமைத்த சிறு ஏற்பாடே ‘வூஃப்’ என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. வார நாட்களில் சம்பளம் பெற்றவர்கள் இரண்டு நாள் மண்ணில் கைவைப்பதற்காக அமைந்த அந்த ஏற்பாட்டை, மாதக்கணக்கில் அலைபவரின் வாழ்வாதாரமாக்கியது பிற்காலத்தவர் வேலை. பின்னர் வந்த ‘வொர்க்அவே’ போன்ற இணைய நிறுவனங்கள் அதைத் தங்கும் விடுதி, குழந்தைப் பராமரிப்பு, கட்டடப் பழுதுபார்ப்பு என்று விரித்ததோடு, இடம் தருபவரிடம் ஒன்றும் வாங்காமல் வேலை செய்யப் போகிறவரிடமே ஆண்டுக் கட்டணமும் வாங்கத் தொடங்கின. வேலை தேடுபவரிடம் தரகுப் பணம் பறிப்பதை ஊழல் என்று கண்டிக்கும் சமூகம் இதைச் சாகசத்தின் நுழைவுச் சீட்டாகக் கருதுவது வேடிக்கையே.

உழைப்புப் பரிமாற்றம் பயணத்துக்குப் பணம் தருவதில்லை; உணவு, உறைவிடம் ஆகிய இரு செலவுகளை மட்டும் வேறொரு கணக்கில் எழுதிவைக்கிறது. விமானக் கட்டணம், விசா, காப்பீடு, மருந்து ஆகியவற்றைக் களை பறித்துச் செலுத்த இயலாது என்பதால், பயணி முன்பே சேமித்த பணம் கரைந்துகொண்டேதான் இருக்கிறது. எழுதிவைக்கப்படும் அந்தக் கணக்கும் பயணிக்கு நட்டமானதே. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். அதன்படி, நாளுக்கு ஐந்து மணி நேரம் வீதம் வாரத்துக்கு ஐந்து நாள் உழைப்பவரின் 25 மணி நேரம், தற்காலிகத் தொழிலாளருக்கு உரிய கூடுதல் தொகையைச் சேர்க்காமலேயே 623 டாலருக்கு மேல் பெறும். பலர் சேர்ந்து உறங்கும் பொதுஅறையில் ஒரு படுக்கையின் வார வாடகையும் எளிய சமையலுக்கான பொருட்களும் அந்தத் தொகையை எட்டுவது அரிது. மிச்சம் முழுவதும் இடம் தருபவருக்குச் சேர்கிறது. செலவு குறைந்த நாடுகளிலோ கணக்கு இன்னும் மோசமாகிறது. வியட்நாமிலும் நேபாளத்திலும் அத்தகைய படுக்கை சில நூறு ரூபாய்க்கே கிடைப்பதால், அங்கே ஐந்து மணி நேரம் தரை துடைப்பவர் தம் உழைப்பை மணிக்கு நூறு ரூபாய் அளவில் விற்றுவிட்டு, பணம் மிச்சமானதாக மகிழ்கிறார்.

கூலியைப் பொருளாகவோ உறைவிடமாகவோ தரும் வழக்கத்தை ஒழிக்கத் தொழிலாளர்கள் நெடுங்காலம் போராடியிருக்கிறார்கள் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. முதலாளிகள் கூலிக்குப் பதிலாகத் தம் கடைச் சரக்கைத் தள்ளிவிடுவதைத் தடுக்கப் பிரிட்டனில் 1831ஆம் ஆண்டில் ‘ட்ரக்’ சட்டம் வந்தது. கூலி புழக்கத்தில் உள்ள நாணயமாகவோ நோட்டாகவோ வழங்கப்பட வேண்டும் என்று இந்தியாவில் 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம் விதித்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு உடன்படிக்கை, கூலியின் ஒரு பகுதியை மட்டும், அதுவும் நியாயமான மதிப்பில், பொருளாகத் தர இடமளித்தது. முழுக் கூலியையும் படுக்கையாகவும் சோறாகவும் பெறும் ஓர் ஏற்பாடு இவற்றுக்கு முந்தைய காலத்துக்கே திரும்பிச் செல்கிறது.

இது கூலிவேலையே அன்று, பண்பாட்டுப் பகிர்வு என்பது இதன் ஆதரவாளர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி. ஒரு குடும்பம் தன் சிறு பண்ணையில் விருந்தாளியைத் தன்னோடு உட்காரவைத்து உணவிட்டு, தான் செய்யும் வேலையை அவருக்கும் கற்றுத்தரும் இடங்களில் அந்த மறுமொழி ஏற்கத்தக்கதே. ஆனால் லாபத்துக்காக நடத்தப்படும் விடுதியில் இரவெல்லாம் வரவேற்பு மேசையில் அமர்ந்து, காலையில் படுக்கை விரிப்புகளை மாற்றுபவர் எந்தப் பண்பாட்டைப் பகிர்கிறார் என்பது விளங்கவில்லை. அந்த மேசைக்கு உள்ளூரில் சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்தியாக வேண்டிய தேவை நீங்குகிறது என்பது மட்டும் நன்றாக விளங்குகிறது.

சட்டமும் இவ்வேற்பாட்டை, அதன் ஆதரவாளர்கள் நினைப்பதைப் போல, கண்டும் காணாமல் விட்டுவிடுவதில்லை. பிரிட்டனுக்குச் சுற்றுலாப் பயணியாக வருபவர் பதிவுபெற்ற அறக்கொடை நிறுவனத்துக்கு மட்டும், அதிகபட்சம் 30 நாட்கள் தன்னார்வப் பணி செய்யலாம். இந்தியாவின் சுற்றுலா விசாவும், பணமோ வேறு எவ்வகைக் கைம்மாறோ இல்லாத குறுகிய காலத் தன்னார்வப் பணியை ஒரு மாதம்வரை மட்டுமே அனுமதிக்கிறது. படுக்கையும் ஒரு கைம்மாறே. 2025ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பயணி, வீட்டுவேலைக்கு ஈடாகத் தங்குமிடம் பெறும் ஏற்பாட்டோடு அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் நுழைய முயன்றபோது தவறான விசா என்று திருப்பி அனுப்பப்பட்டு, அமெரிக்கக் குடியேற்றத் தடுப்பு முகாமில் மூன்று வாரங்களுக்குச் சற்றே குறைவாக அடைக்கப்பட்டிருந்தார். வலிமையான கடவுச்சீட்டு உடையவருக்கே இந்த நிலை என்றால், ஒருமுறை மறுக்கப்பட்ட விசா அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் பின்தொடரும் நாட்டினர் எதைப் பணயம் வைக்கிறார்கள் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

பருவகால வேலையின் கதை இதைவிட நேர்மையானது, ஏனெனில் அங்கே கூலி என்ற ஒன்று உண்டு. அதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் ‘வேலை-விடுமுறை’ விசா. இளவயதினர் அந்நாட்டில் ஓராண்டு தங்கி, சுற்றுவதற்கான செலவை அங்கேயே வேலை செய்து ஈட்டிக்கொள்ள இது இடமளிக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து, கனடா நாட்டினருக்காக 1975ஆம் ஆண்டில் பண்பாட்டு உறவின் பெயரால் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2005ஆம் ஆண்டில் தன் உண்மை முகத்தைக் காட்டியது. நகரங்களுக்கு வெளியே அறுவடை முதலிய பணிகளில் மூன்று மாதம், நடைமுறையில் 88 நாட்கள், உழைத்தவருக்கே இரண்டாம் ஆண்டு விசா என்று அன்று வகுக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் மேலும் ஆறு மாத உழைப்புக்கு மூன்றாம் ஆண்டும் சேர்ந்தது. பண்டபெர்க்கின் காய்கறி வயல்களுக்கும் மில்டுராவின் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டும் வேளாண் தொழிலாளர் கொள்கை ஒன்று, சுற்றுலாவின் உடையில் நடமாடத் தொடங்கியது.

அந்த 88 நாட்களுக்குச் சான்று தர வேண்டியவர் முதலாளியே என்பதால், விசாவின் நீட்டிப்பு அவர் கைக்குப் போனது. ஆஸ்திரேலியாவின் கூலிச் சட்டங்களைக் கண்காணிக்கும் அமைப்பு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில், கருத்துரைத்த பயணிகளுள் 35 விழுக்காட்டினர் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்றதாகவும், 28 விழுக்காட்டினர் செய்த வேலையின் ஒரு பகுதிக்கோ முழுமைக்கோ கூலியே பெறாததாகவும் கூறியிருந்தனர். கூலியின்றித் தன்னார்வமாகச் செய்த பண்ணை வேலையும் 88 நாட்களில் சேரும் என்றிருந்த விதி 2015ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. இலவச உழைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்நாட்டு அரசே அறிந்துகொண்டதன் அடையாளம் அது. பறித்த பழத்தின் அளவுக்கேற்பத் தரப்படும் துண்டுக்கூலி, மணிக்கூலியின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற விதியோ 2022 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை, மெதுவாகப் பறிப்பவரும் விளைச்சல் மெலிந்த வரிசையில் நிறுத்தப்பட்டவரும் நாள் முழுதும் உழைத்துப் படுக்கை வாடகைக்கே கடனாளியாவதும் நடந்தது.

வேலை பிடித்துத் தருவதாகச் சொல்லி அழைத்து, வேலை வரும்வரை வார வாடகையை வசூலிக்கும் விடுதிகளைப் பற்றிப் படிக்கும் தமிழ் வாசகருக்குத் தோட்டத்துக் கங்காணி நினைவுக்கு வருவது இயல்பு. தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி அவரைக் கட்டிவைத்த முறையை இலங்கை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழித்தது. கொடுமையின் அளவில் இரண்டையும் ஒப்பிடுவது தகாது, ஏனெனில் பழம் பறிக்கும் ஐரோப்பிய இளைஞர் எந்த நாளிலும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி விமானச் சீட்டு வரவழைத்துக்கொள்ள முடியும். ஆனால் கடனால் ஆளைப் பிடித்துவைக்கும் நுட்பம் ஒன்றே.

ஈட்டியதும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 18,200 டாலர்வரை உள்ளூர்வாசிக்கு வரி இல்லை. வேலை-விடுமுறை விசாவில் இருப்பவரிடமோ பொதுவாக முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளி செலுத்தும் ஓய்வுகாலச் சேமிப்பை நாட்டைவிட்டு வெளியேறும்போது திரும்பக் கேட்டால் அதில் 65 விழுக்காடு வரியாகப் போகிறது. இவ்வளவுக்குப் பிறகும் சிலர் மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த மிச்சம் தென்கிழக்கு ஆசியாவில் பல மாதங்களுக்குப் போதுமானதாக இருப்பதற்குக் காரணம் உழைத்த கையின் திறன் அன்று, டாலரின் வலு.

இதற்குச் சான்று அதே வயல்களிலேயே கிடைக்கிறது. வனுவாட்டு, டோங்கா, கிழக்குத் திமோர் முதலிய நாடுகளிலிருந்து தனித் திட்டத்தின்கீழ் வருவோரும் அவ்வயல்களிலேயே பழம் பறிக்கிறார்கள். துணிவிலோ உடல் வலிமையிலோ அவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் தொழிலாளர் என்றே அழைக்கப்படுகிறார்கள், ஈட்டியதை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புகிறார்கள். மறுபுறம், 2024 ஜூலை முதல் பிரிட்டன் கடவுச்சீட்டு உடையவர்கள் 88 நாள் வயல் வேலையே இல்லாமல் மூன்று ஆண்டுகளுக்கான விசாவைப் பெறலாம். பிறந்த நாட்டைப் பொறுத்து உழைப்பின் கட்டாயமே நீங்கிவிடும் ஓர் ஏற்பாட்டை மன உறுதியின் வெற்றியாக வருணிப்பது அறியாமை என்றே கொள்ளத்தக்கது.

இந்தியருக்கு இந்தக் கதவு 2024ஆம் ஆண்டில்தான், அதுவும் குலுக்கல் முறையில், திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடங்களுக்கு முதல் இரண்டு வாரங்களிலேயே ஏறத்தாழ 40,000 பேர் பெயர் பதிந்தனர். பதிவுக்கு 25 டாலர். குலுக்கலில் பெயர் வந்தவருக்கு விசாக் கட்டணம் அப்போது 650 டாலராக இருந்தது. கல்வித் தகுதி, ஆங்கிலத் தேர்ச்சி ஆகியவற்றோடு கையிருப்பாகச் சுமார் 5,000 டாலர் காட்டியாக வேண்டும். விமானக் கட்டணம் நீங்கலாகவே இது மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. ஆக, பணமின்றிப் பயணம் செய்ய விரும்பும் தமிழ் இளைஞர் முதல் ஆப்பிளைப் பறிப்பதற்கு முன்பே சேமித்திருக்க வேண்டிய தொகை இது. குலுக்கலில் பெயர் வராத பெரும்பான்மையினர் அதே தொகையைக் கொண்டு, விசா தேவைப்படாத நேபாளத்திலும் செலவு குறைந்த வியட்நாமிலும் எவர் விடுதியிலும் தரை துடைக்காமல் பல மாதங்கள் சுற்றிவர முடியும்.