தோட்ட மக்களே மலைக்குக் காவல்

2020 மே மாத இறுதியில் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தையொன்று உயிருடன் மீட்கப்பட்டு, சில தினங்களில் உடவளவையில் சிகிச்சை பலனின்றி இறந்தது. இத்தகைய கம்பிகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படுபவை. ஆனால், பன்றி எது, சிறுத்தை எது என்பதைக் கம்பி அறியாது. காட்டை அண்டிய பதுளை மாவட்டத் தோட்டங்களுக்கும் இது ஓர் எச்சரிக்கையாகும்.

வனஜீவராசிகளைக் காப்பது திணைக்களத்தால் மட்டும் இயலும் காரியமன்று. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய களப் பறவையியல் குழு, தொண்டர்களின் துணையுடனேயே நாட்டின் பறவைகளைப் பதிவுசெய்து வந்துள்ளது. உபகண்டத்தின் பறவையியல் மேதை சலீம் அலியும் சிற்றூர் மக்களின் அனுபவ அறிவை மதித்தவரே.

ஹப்புத்தளையில் 1938இல் பிரகடனப்படுத்தப்பட்ட தங்கமலைச் சரணாலயம் உள்ளது. காஷ்மீரில் இனம்பெருக்கும் ஈபிடிப்பான் குருவி எமது மலைகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதிகாலையில் மலையேறும் கொழுந்து பறிக்கும் பெண்கள் இவற்றை நாள்தோறும் காண்கின்றனர். எனினும் அவர்கள் கண்டது எந்தக் குறிப்பேட்டிலும் ஏறுவதில்லை. நிறைக்கேற்பக் கூலி பெறுபவருக்கு நின்று பார்க்க நேரமேது?

இதனிலும் பெரிய தடை அச்சமாகும். கம்பியைக் கண்டவர் தகவல் கொடுத்தால், பன்றியிடம் மரக்கறிப் பாத்தியைப் பறிகொடுத்த அடுத்த லயத்துக்காரரே வழக்கில் சிக்கக்கூடும். ஆகவே வாய் மூடிவிடுகிறது. சட்டம் மிருகத்தைக் காக்கிறது. பாத்தியைக் காக்க எவருமில்லை. தண்டனைக்கு முன்பாக, கம்பிகளைத் தாமாக ஒப்படைக்க அவகாசமும், பாத்திகளுக்கு வேலியமைக்கத் தோட்ட நிர்வாகங்களின் உதவியும் கிடைக்க வேண்டும். அப்போதுதான் தொண்டர் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் மதிப்பிருக்கும்.

தமிழகத்தின் வேட்டங்குடியில், பறவைகள் மிரளக்கூடாதென்று கிராமத்தவர் பல தசாப்தங்களாகத் தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதில்லை. அவர்களைக் கட்டாயப்படுத்தியவர் எவருமிலர்; பறவைகளைத் தம்முடையவையாகக் கருதியதே காரணம்.

அவ்வுரிமையுணர்வு இங்கும் வளர வேண்டும். பதுளையின் தமிழ், முஸ்லிம் பாடசாலைகளில் தமிழ்மொழிக் கையேட்டுடன் இயற்கைக் கழகங்களை அமைக்க, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் வனஜீவராசிகள் திணைக்களமும் முன்வரலாம். மலையை அன்றாடம் காண்பவர்களை ஒதுக்கிவிட்டு மலையைக் காக்க முடியாது.