எதிர்வீட்டுக்குப் போகும் தட்டு



சென்ற கிறிஸ்துமஸ் காலையில், அம்பத்தூரில் எங்கள் எதிர்வீட்டுக்குக் கடையில் வாங்கிய பிளம் கேக்கைத் தட்டில் வைத்து எடுத்துச் சென்றேன். கதவைத் திறந்தவர் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக நின்றார். இரு கைகளாலும் தட்டை வாங்கிக்கொண்டு, தயங்கியபடி, “முட்டை சேர்த்திருக்கா சாமி?” என்று கேட்டார். சேர்த்திருந்தது. அந்தக் கேக்கை யார் உண்டார்கள் என்று நான் பிறகு விசாரிக்கவில்லை.

என்னை உறுத்தியது இன்னொன்று. தீபாவளிக்கு அதே வீட்டிலிருந்து அதிரசம் வந்தபோது, எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை நினைவில் வைத்து, காராசேவு தனியே ஒரு டப்பாவில் வந்திருந்தது. அவர் ஆண்டுதோறும் கார்த்திகை முதல் நாளில் மாலை அணிவது எனக்கும் தெரியும். நமது பண்டிகையோ மார்கழி பத்தாம் நாளை ஒட்டி, அந்த 41 நாள் விரதம் முடியுமுன்னரே வந்துவிடுகிறது. தெரிந்திருந்தும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியிருக்கும் சபையாருக்கும் இது புதிதன்று. தொழிற்சாலை வேலைக்காகப் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியோர் நடுவே வாழ்கிறோம். முட்டை தொடாத வீடு தெருவுக்கு நான்காவது இருக்கும். ஆகவே என் கருத்து இது: கேக் நம் மேசையில் இருக்கட்டும். வெளியே போகும் தட்டுக்கு, முட்டையில்லாத சாக்லேட் குக்கீஸை வீட்டிலேயே சுடுவோம். ரோமர் 14ஆம் அதிகாரத்தைப் பலமுறை பிரசங்கித்த நான் இதை இவ்வளவு தாமதமாகச் சொல்வது வெட்கத்துக்குரியதே.

“கேக் அல்லவா நம் வழக்கம்?” என்பீர்கள். 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு ஆங்கிலேயர் ஒருவருக்காகச் செய்த கிறிஸ்துமஸ் கேக்கே, அந்த ஊரில் கிடைத்த பொருள்களுக்கு ஏற்ப மாற்றப்பட்டதுதான் என்பர். மேலும், கேக் எழும்ப முட்டை துணை செய்கிறது. குக்கீக்கு வெண்ணெயும் மாவுமே போதும்.

சுவைக்குக் கமலா ஆரஞ்சுத் தோலைச் சேருங்கள். கடை டூட்டி ஃப்ரூட்டி பெரும்பாலும் சாயமேற்றிய பப்பாளிக்காய்தான். தோலை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, ஒவ்வொரு முறையும் நீரை மாற்றி மூன்று முறை கொதிக்கவிட்டால் கசப்பு தணியும். பின்னர் தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரையும் நீரும் சேர்த்து, கீற்றுகள் கண்ணாடிபோல் தெளியும்வரை சிறு தீயில் வைக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் தோல் தடித்துவிடும். ஒரு நாள் உலர்த்திப் பொடியாக நறுக்குங்கள்.

100 கிராம் வெண்ணெயையும் 80 கிராம் பொடித்த சர்க்கரையையும் குழைத்து, 150 கிராம் மைதா, 25 கிராம் கோகோ, இரண்டு கரண்டிப் பால், அரைக் கோப்பைத் தோல் சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் குளிரவைத்துத் தட்டுங்கள். 170 டிகிரியில் பதின்மூன்று நிமிடம் போதும். எடுக்கும்போது மெத்தென்றிருக்கும், ஆறினால் இறுகும். அவன் இல்லாதோர், குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் நீக்கிச் சுடலாம், நேரம் கூடுதலாகும்.

ஒரு வேண்டுகோள்: இந்த வேலை முழுவதையும் தாய்மார் தலையில் சுமத்தாதீர்கள். தோல் நறுக்க ஆண்களுக்கும் கைகள் உண்டு. தட்டைக் கொடுக்கையில், அவர்கள் கேட்குமுன் நாமே “முட்டை இல்லை” என்று சொல்லிவிடுவோம். முட்டை கலந்த பாத்திரத்தைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அப்போதும் சிலர் உண்ணமாட்டார்கள். அதற்காக மனம் வருந்த நமக்கு உரிமையில்லை.

எங்கள் வீட்டில் நேற்று ஒத்திகை நடந்தது. முதல் ஈடு சற்றே கருகிவிட்டது; அதை நாங்களே தின்று தீர்த்தோம். இரண்டாம் ஈடு டப்பாவில் இருக்கிறது, எதிர்வீட்டுக்காக.